ஊர்க்கதை கேட்காத மைக்

டவுனில் ஸ்பீக்கரும் மைக்கும் விற்கிற கடைக்குள் நின்று என் மச்சாள் கூக்காட்டியபோது, பக்கத்தில் நின்ற நான் வாசலைப் பார்த்தேன், ஓடுவதற்குத்தான். கூக்காட்டுவது என்றால் சும்மா சத்தம் போடுவதல்ல. வாவியின் அந்தக் கரையில் கிடக்கிற தோணியை இந்தக் கரைக்கு அழைக்க, கையை வாயோரம் குவித்து, அடிவயிற்றிலிருந்து எடுக்கிற குரல் அது. வெட்டவெளியிலேயே பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைக்கும். அதை அவள் நாலு சுவருக்குள், கண்ணாடி அலுமாரிகளுக்கு நடுவே, ஒரு மைக்குக்கு முன்னால் செய்தாள்.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே ஒழுங்கையில் வீடு, ஒரே கிணற்றுத் தண்ணீர். பேச்சில் மட்டும்தான் வித்தியாசம். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவர் "என்ன?" என்று திரும்பக் கேட்பார். அவள் பேசினால் அடுத்த வளவுக்காரர் பதில் சொல்வார்.

கடை முதலாளி நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் முந்திவிட்டது. "பாடுறது ஆரு?" என்று கேட்டார்.

"பாடுறதுக்கில்ல. கதைக்கிறதுக்கு. வீட்டில வெச்சி ரெக்கோட் பண்ணோணும்" என்றாள்.

அவள் குரலைக் கேட்டதும் அவருடைய புருவம் ஏறியது. இது எனக்குப் பழகிய காட்சி. ஒல்லியான, குள்ளமான ஒரு பெண்ணிடமிருந்து அப்படி ஒரு கனத்த குரல் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் அலுமாரியைத் திறந்து, வெள்ளி நிறத்தில் தடித்த மைக் ஒன்றைப் பஞ்சுப் பெட்டியோடு எடுத்து வைத்தார். "அக்காட குரலுக்கு இந்தக் கொண்டென்சர்தான் நல்லம். நுணுக்கமா எடுக்கும். கொஞ்சம் மென்மையாக் காட்டும். பொம்பிளக் குரல் மாதிரி வரும்."

"அப்ப இப்ப என்ன மாதிரி இரிக்கு?"

அவர் பெட்டியை மூடுவதா திறந்து வைப்பதா என்று தெரியாமல் நின்றார். மைக்கைக் கணினியில் பொருத்திப் பதியச் சொல்லிவிட்டு அவள் கையைக் குவித்துக் கூக்காட்டினாள். கணினித் திரையில் சிவப்பு எரிந்தது. பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். முதலில் மின்விசிறியின் இரைச்சல். பிறகு வெளியே லொத்தர்ச் சீட்டு விற்பவரின் கூச்சல். பிறகு அவள் "இது என்ன மாதிரி இரிக்கும் பாப்பம்" என்று சொன்னது. அதற்கு அடியில், காசு கொடுக்கிற மேசையருகே நின்ற இரண்டு பெண்கள் குசுகுசுத்தது அட்சரம் பிசகாமல் கேட்டது: "குரலப் பாருங்கா, ஆம்பிளயாட்டம்." அதன்பிறகுதான் அந்தக் கூப்பாடு, உடைந்து சிதறி.

அந்தப் பெண்கள் பிளாஸ்டிக் பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளிக்கு வியர்த்தது. அவள் மட்டும் சிரித்தாள். "மற்றதக் காட்டுங்க" என்று மேடைப் பாட்டுக்காரர்கள் கையில் பிடிக்கிற, கறுப்பு உடம்பும் கம்பிவலைத் தலையும் உள்ள மைக்கைக் காட்டினாள்.

"அது கோயில் மேடைக்கு, அக்கா. கிட்டப் பிடிச்சிக் கதைக்கோணும். மெதுவாக் கதைச்சாப் பதியாது."

"நானும் மெதுவாக் கதைக்கிறல்ல."

அதன் முன்னாலும் கூக்காட்டினாள். திரும்பப் போட்டபோது விசிறி இல்லை, லொத்தர்காரர் இல்லை, ஒருவருடைய குசுகுசுப்பும் இல்லை. அவள் மட்டும் முழுசாக இருந்தாள். "இது ஊர்க்கதை கேக்காது. நான் சொல்றத மட்டும் கேக்கும். இதத் தாங்க" என்றாள். அவளைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். மற்றக் கதைகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

அந்தக் குரல் அவளுக்குப் படுவான்கரையிலிருந்து வந்தது. சின்ன வயதில் அவர்களின் வீடு வாவிக்கு மேற்கே, ஓடத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது. தோணிக்காரர் அக்கரையில் படுத்துத் தூங்கிவிட்டால், டவுனுக்குப் போக நிற்கிற சனமெல்லாம் இவளைத்தான் தேடி வரும். ஆசுபத்திரிக்குப் போகிற கர்ப்பிணி, நெல் விற்கப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். அவள் ஒருமுறை கூப்பிட்டால் தோணி அசையும். "அப்ப ஒருத்தரும் ஆம்பிளக் குரல் எண்டு சொல்லல்ல. தோணி வேணுமெல்லோ" என்பாள். பிறகு அவர்கள் இடம்பெயர்ந்து கல்லடிக்கு வந்தார்கள். இங்கே பாலம் இருந்தது. யாருக்கும் தோணி வேண்டியிருக்கவில்லை. அவளுடைய குரல் குறையாகிப் போனது.

பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தாள். விசில் வாங்கியதே இல்லை. தொலைபேசியில் பேசினால் வங்கிக்காரரும் மின்சாரக்காரரும் "சேர்" என்பார்கள். வேறு யாராவது என்றால் குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கி, "இல்ல, நான் மிஸ்" என்று குழைந்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் குழைந்திருப்பேன். அவள் அதே குரலில், "சேர் இல்ல, மிஸ். இப்ப சொல்லுங்க" என்பாள். எதிர்ப்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டால், "என்னத்துக்கு மன்னிப்பு? உங்கட காது, என்ட குரல்" என்று முடித்துவிடுவாள்.

பெண் பார்க்க வந்த கதையும் உண்டு. வந்தவர்களின் காதில் படும்படி பேசவேண்டாம், தலையை மட்டும் ஆட்டு என்று தரகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா, அதாவது என் மாமியும் கெஞ்சினார். இவள் குசினிக்குள் நின்றபடியே, "மாப்பிளட அம்மாவுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு?" என்று கேட்டாள். அந்த அம்மாவின் கையிலிருந்த வெற்றிலைத் தட்டம் கீழே விழுந்தது. சீனி எவ்வளவு என்று அவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தபோது இவள் சொன்னாள்: "அம்மா, என்ட குரலக் கேட்டு ஓடுறவன் என்ட குணத்தக் கண்டா எங்க ஓடுவான்? ஓடக் கல்லடிப் பாலமும் காணாது." மாமி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். மாமிக்கு மகளைக் கண்டால் பயமும் பெருமையும் சரிபாதி.

மைக் வாங்கிய கையோடு வீட்டின் பின்னறை ஒலிப்பதிவு அறையாகிவிட்டது. சுவர் நான்கிலும் பன்பாய் தொங்கியது. தகரக் கூரைக்குக் கீழே பழைய மெத்தை ஒன்றைக் கம்பியால் கட்டித் தூக்கினாள். 'ப' என்று சொல்லும்போது மைக்கில் காற்று அடிக்காமலிருக்க, துணி தைக்கிற வட்டச் சட்டத்தில் கால் மேசு ஒன்றை, அதுதான் காலுறையை, இழுத்துக் கட்டினாள். கம்பிவலைத் தலைக்கும் வாய்க்கும் இடையே நாலு விரல்கடை தூரம். கோயில் மேடையில் எங்கள் ஆட்கள் மைக்கைக் கடித்துத் தின்பதுபோலப் பிடிப்பார்களே, அது இவளுக்கு ஆகாது. "கிட்டப் போனா என்ட குரல் பீப்பாய்க்குள்ள கிடந்து கதைக்கிற மாதிரி முழங்குது. தள்ளிப்போனா மெலியுது. நாலு விரல்கடையில நான் நானா இரிக்கன்" என்பாள்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கனடாவிலிருந்து லீவில் வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி, அங்கே வீட்டில் பாட்டுப் பதிவதாகச் சொன்னவள், அறையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "மேடை மைக் வெச்சி ஸ்டூடியோவா? கொண்டென்சர் வாங்குங்க அன்ரி. மூச்சுவிடுறதுகூடக் கேக்கும்."

"நான் மூச்சுவிடுறத ஊர் கேட்டு என்ன செய்யப் போகுது, புள்ள?"

அந்த நேரம் பார்த்துப் பாண் விற்கிற பேக்கரி ஆட்டோ தன் கிணுகிணுப் பாட்டோடு ஒழுங்கைக்குள் வந்தது. கடற்கரைப் பக்கம் யாரோ இயந்திரப் படகைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கோயிலில் மணி. கோழி. இவள் மைக்கைப் பிடித்து ஒரு ரியூசன் வகுப்பு அறிவித்தலை வாசித்து, அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினாள். பாண்காரரின் பாட்டு எங்கோ தூரத்தில் நூலாகக் கேட்டது, அவ்வளவுதான். அந்தப் பெண் போகும்போது அந்தக் கால் மேசு யோசனையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒருவர் வேறொரு உதவி செய்ய வந்தார். கணினியில் ஒரு பொத்தானைத் தள்ளினால் குரல் மேலே ஏறுமாம், இருபது வயதுப் பெண்ணின் குரலாக வருமாம். செய்தும் காட்டினார். உண்மையிலேயே இனிமையாகத்தான் இருந்தது. நானும் அந்தரப்பட்டு, "நல்லா இரிக்குகா" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆரு இந்தப் புள்ள? எனக்குத் தெரியாது. அவக்கு வேல வேணுமெண்டா அவட வீட்டில போய் ரெக்கோட் பண்ணட்டும்" என்று அவரிடம் சொல்லி, பொத்தானைப் பழையபடி இழுத்துவிட்டாள்.

இவ்வளவு வீம்பு எதற்கு என்று கேட்கலாம். கடை திறப்பு, ரியூசன் வகுப்பு, காணாமல்போன ஆடு என்று வாசிப்பதற்காக அவள் மைக் வாங்கவில்லை. அவை வழியில் வந்த வேலைகள். அவள் வாங்கியது மரண அறிவித்தலுக்கு.

எங்கள் பகுதியில் ஒருவர் காலமானால் மரண உதவிச் சங்கம்தான் முதலில் வரும். கதிரை, தறப்பாள், வெள்ளைக் கொடி, கூரையில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாமி கண்ணை மூடிய அன்று காலையிலும் வந்தார்கள். அப்போது பதிவு ஒன்றும் கிடையாது. ஆட்டோவுக்குள் ஒருவர் இருந்து மைக்கைப் பிடித்து வாசித்துக்கொண்டு போவார். மச்சாள் படலையடிக்குப் போய் அந்த மைக்கை எடுத்தாள். "நான் சொல்றன். என்ட அம்மா."

சங்கத் தலைவர், நாங்கள் மாமா என்று அழைக்கிற பெரிய மனிதர், அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பறிக்கவில்லை, அன்பாகத்தான் வாங்கினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "புள்ள, பொம்பிள சொன்னாச் சனம் நம்பாது. ஏதோ விளையாட்டெண்டு நினைக்கும். நீ உள்ள போய் அம்மாவோட இரி" என்றார்.

ஆட்டோ போனது. "காலஞ்சென்ற இன்னாரின் மனைவி காலமானார்" என்று என் மாமனாரின் பெயரையும் ஆண்பிள்ளைகளின் பெயர்களையும் அடுக்கியது. மாமியின் பெயர் அதில் இல்லை. ஒருமுறைகூட இல்லை. கல்லடியில் மாமனாரின் பெயரில் இன்னொருவரும் இருந்ததால் சிலர் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்களாம். ஊரெல்லாம் "எந்தப் பொம்பிள? எந்தப் பொம்பிள?" என்று கேட்டுக்கொண்டு இருந்தது. மச்சாள் பாடையருகே கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா பேரோட பொறந்தவ. பேரில்லாமப் போறா. கேட்டியா?" என்று என்னிடம் சொன்னாள். கேட்டேன். இப்போதும் கேட்கிறது.

மைக் வந்தபிறகு இரண்டுமுறை தலைவரிடம் போனாள், தான் பதிந்து தருவதாகச் சொல்லி. இரண்டுமுறையும் அதே பதில்தான்: சனம் நம்பாது. அவள் விடவில்லை. வீட்டில் பயிற்சி எடுக்கத் தொடங்கினாள். அறிவித்தலை எழுதித் தருவது என் வேலை. அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. மரண அறிவித்தலில் உயிரோடிருக்கிறவரின் பெயரைச் சொல்லிப் பழக முடியுமா? எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் கல்லெறி விழும். செத்தவர்களின் பெயரை எடுத்து இன்னொருமுறை சாகடிக்கவும் அவளுக்கு மனமில்லை.

"என்ட பேரப் போட்டு எழுது" என்றாள்.

"விசர் கதை கதைக்காத. அபசகுனம்."

"மற்ற ஆக்கள்ட பேர எடுத்தா அவங்களுக்குக் கெடுதி. என்ட பேர எடுத்தா எனக்குத்தானே. எழுதுகா."

எழுதினேன். படுவான்கரையைப் பிறப்பிடமாகவும் கல்லடியை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று முறைப்படி தொடங்கி, மாமியின் பெயரைச் சொல்லி அவரின் அன்பு மகள் என்று எழுதினேன். அடுத்த இடத்தில் வழக்கமாக 'இன்னாரின் அன்பு மனைவி' என்று வரும். அங்கே நான் வெற்றிடம் விட்டேன். அவள் பதியும்போது அந்த இடத்தில் தானாகச் சேர்த்தாள்: "அன்னார் எவருடைய மனைவியும் அல்லர்." பிறகு ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். இறுதிக் கிரியைகள் எத்தனை மணிக்கு என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "நேரம் ஆருக்குத் தெரியும்? அத மறுகா பாப்பம்" என்று அதை அப்படியே விட்டுவிட்டாள். அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயருக்காக நின்றவளின் பெயரை மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அதை அவளே ஊருக்குச் சொல்லிவிட்டாள். என் எழுத்தில் அது அவ்வளவு பலமாகக் கேட்காது.

அந்த வாரம் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடை திறந்தார்கள். அறிவித்தல் இவளுடையது. ஸ்பீக்கர் ஆட்டோக்காரர் காத்தான்குடியிலிருந்து வருகிறவர். பென்டிரைவை வாங்கிச் செருகிக்கொண்டு போனார். அதில் இரண்டு பதிவுகள் இருந்தது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் நினைவில்லை. அவர் ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று பேரின் வேலையைச் செய்கிறவர்தான். அதனால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியபோது அவர் ஐயப்படவும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் அழைக்கிற பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறொன்று. அவருக்குச் செத்தவர் யாரோ ஒருவர்.

அப்படியாக, கல்லடி முழுக்கவும் நொச்சிமுனை வரைக்கும் அவளுடைய குரல் போனது. பட்டுப் புடவைகளுக்கு விசேட விலைக் கழிவு, குடும்பத்துடன் வருகை தாருங்கள். மரண அறிவித்தல், படுவான்கரையைப் பிறப்பிடமாகவும் கல்லடியை வசிப்பிடமாகவும் கொண்ட. பிறகு மறுபடியும் பட்டுப் புடவை. பெயரைக் கேட்ட பதற்றத்தில், சொல்வது யாருடைய குரல் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பாடசாலை ஆசிரியைகள் இரண்டு பேர் அழுதுகொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மீன்காரப் பெண்கள், பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல். அவளிடம் ஓட்டம் பழகிய பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு விம்மினான். வந்த அத்தனை பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எத்தின மணிக்கு எடுக்கிறீங்க?" எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. அதற்குள் ஒரு லொறி வந்து நின்றது. சங்கத்தின் கதிரைகள், தறப்பாள், வெள்ளைக் கொடிகள். முன் இருக்கையிலிருந்து தலைவர் இறங்கினார், கண் சிவந்து.

படலையைத் திறந்தது மச்சாள். குளித்துவிட்டு, தலையில் துவாயோடு.

யாரோ ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தலைவர் ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டார். வாய் பழக்கதோசத்தில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டது: "எத்தின மணிக்கு, புள்ள..."

"இன்னும் முடிவெடுக்கல்ல மாமா" என்றாள். தூரத்தில் தன் குரல் தன்னைச் செத்ததாகச் சொல்லிக்கொண்டு போவது அவளுக்கும் படலையடிக்கு வந்தபோதுதான் கேட்டது. ஒரு கணம் தலையைச் சாய்த்து, பதிவு எப்படி வந்திருக்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் கேட்டாள். பிறகு படலையை அகலத் திறந்தாள்.

"விளையாட்டா இது?" என்று தலைவர் கத்தினார். "கதிரையத் திருப்பி ஏத்துங்கடா!"

"ஏத்தாதீங்க. இறக்குங்க." அவள் கத்தவில்லை. அவளுடைய சாதாரணக் குரலே போதும். லொறிக்காரர்கள் கையில் கதிரையோடு நின்றுவிட்டார்கள். "பிழை நடந்திட்டு மாமா. வேணுமெண்டு செய்யல்ல. ஆனா ஒண்டு கேக்கன். பொம்பிள சொன்னாச் சனம் நம்பாதெண்டீங்க. இந்தா நிக்குது சனம். முழு ஊரும் நம்பி வந்திரிக்கு. நீங்களும் நம்பித்தானே வந்த நீங்க? அழுது போட்டுத்தானே வந்த நீங்க?"

அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"அண்டைக்கு என்ட அம்மாட பேர நான் சொல்லியிருந்தா ஒருத்தரும் அடுத்த வீட்டு வாசல்ல போய் நிண்டிருக்க மாட்டாங்க. குந்துங்க. வந்த நீங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

குந்தினார்கள். செத்தவீட்டுக் கதிரையில், செத்தவள் ஊற்றித் தந்த தேத்தண்ணீரைச் சனம் குடித்தது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். தலைவர் சிரிக்கவில்லை. குடித்து முடித்து, குவளையைத் தானே குசினிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பதிவை அழித்துவிடு என்று நான் மன்றாடினேன். "அழிக்க மாட்டன். நல்லா வந்திரிக்கு. ஒரு நாளைக்குத் தேவப்படும்" என்றாள்.

கொஞ்ச நாளில் கடற்கரைப் பக்கம் ஒரு விதவை காலமானார். அறிவித்தலை மச்சாளிடமே வாங்கச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். தான் வரவில்லை, ஆளைத்தான் அனுப்பினார். அந்தப் பெண்ணின் பெயர் வந்தவருக்குத் தெரியாது. "இன்னாரின் மனைவி எண்டு போட்டாக் காணுமே" என்றார். "காணாது" என்று இவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் செத்தவீட்டுக்கே போய், அழுதுகொண்டிருந்த சகோதரியைப் பிடித்துப் பெயரைக் கேட்டுவந்தாள். அன்று மாலை அந்தப் பெயர் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு அழகான பெயர் இருந்தது என்று பக்கத்து வீட்டாருக்கே அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் எந்தப் பெண்ணும் பெயரில்லாமல் போகவில்லை. முணுமுணுத்தவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டுமா, அந்த மைக்குக்கு முணுமுணுப்புக் கேட்பதில்லை.

போன மாரியில் ஒரு விடியற்காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவளிடம் சண்டை பிடிக்க எனக்கு நேரம் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சங்கம் வந்தது. கதிரைகள் இறங்கின. அறிவித்தலை யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது நான் பென்டிரைவை எடுத்து நீட்டினேன். புதிதாகச் சங்கத்தில் சேர்ந்த ஒருவர், "அது சரிவராது. முந்தி ஒருக்கா விளையாட்டா ஓடின ரெக்கோட். சனம் சிரிக்கும். செத்தவவே செத்துப்போனன் எண்டு சொல்றதா? அதோட அந்த மனைவி இல்ல எண்ட வசனம் என்னத்துக்கு? அத எண்டாலும் வெட்டுங்க" என்றார்.

"ஒரு எழுத்தும் வெட்டேலா" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் "என்ன?" என்று கேட்கவில்லை.

மதிலோரம் கதிரையில் இருந்த தலைவர் தடியை ஊன்றி எழும்பினார். அவருக்கும் வயதாகிவிட்டது. "அவட குரல்லயே போடுங்க. வேற ஆள் சொன்னாச் சனம் நம்பாது" என்றார்.

எல்லாம் சரி, நேரம் மட்டும் இல்லை. இறுதிக் கிரியைகள் என்று சொல்லி அவள் விட்ட வெற்றிடம் அப்படியே கிடந்தது. அதை யாராவது நிரப்பவேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மைக் என்றால் வாழ்நாள் முழுக்கப் பயம். பின்னறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்தினேன். பன்பாய்களுக்கு நடுவே அது நின்றது, கறுப்பாக, கம்பிவலைத் தலையோடு. நாலு விரலை அடுக்கித் தூரம் பார்த்தேன். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மெதுவாகக் கதைத்தால் இது பதியாது என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

கையை வாயோரம் குவித்தேன். அவளுக்கு வருகிற மாதிரி எனக்கு வராது, தெரியும். வந்த மாதிரிக் கூக்காட்டினேன். செத்தவீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். பக்கத்து வளவு நாய் குரைத்தது. தொண்டை கிழிந்து போனது. கிழிந்த தொண்டையாலேயே நேரத்தைச் சொன்னேன். கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர் நேரத்தை மட்டும் வெட்டி, அவள் விட்ட இடத்தில் ஒட்டித் தந்தார்.

ஆட்டோ புறப்பட்டது. படுவான்கரையைப் பிறப்பிடமாகவும் என்று அவள் தொடங்கினாள். தன் பெயரைச் சொன்னாள், தாயின் பெயரைச் சொன்னாள், எவருடைய மனைவியும் அல்லர் என்று சொன்னாள். இறுதிக் கிரியைகள் என்று அவள் நிறுத்த, நாளை பிற்பகல் மூன்று மணிக்கு என்று என் கரகரத்த குரல் வந்தது. உற்றார் உறவினர் அனைவரும் என்று அவள் முடித்தாள். ஒழுங்கை முனையில் மீன்காரப் பெண் ஒருத்தி, "இண்டைக்கும் விளையாட்டோ, இவளுக்கு நல்ல பேச்சுக் குடுக்கன் பார்" என்று சிரித்தபடி பெட்டியோடு வந்தவள், வெள்ளைக் கொடியைக் கண்டு படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஊர் வந்தது. ஆசிரியைகள் வந்தார்கள், ஓட்டம் பழகியவர்கள் வந்தார்கள், ஆட்டோக்காரர் ஓட்டம் முடிந்து வந்து வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். இந்த முறை ஒருவரும் நேரம் கேட்கவில்லை.